ராட்சத ராட்டினத்தில் ஏறியவள்

நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் அடியில், மழையில் நனைந்தபடி, ஒரு பெண் கைத்துப்பாக்கியுடன் உட்கார்ந்திருக்கிறாள். செத்துவிடுவதென்று தீர்மானித்துவிட்டாள். அவளைத் தடுத்து நிறுத்துவது அவளிடம் மிஞ்சியிருக்கும் ஐந்து டாலர் மட்டுமே. அந்தப் பணம் எப்படிக் கைக்கு வந்தது என்று அவள் யோசித்துப் பார்க்கிறாள். அதைச் செலவழிக்காமல் செத்துப்போனால், கடைசியாகத் தன்னிடம் வந்து போனவனுக்குத் தன் உடலை இலவசமாகக் கொடுத்தது போலாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அந்த ஐந்து டாலருக்குக் குடித்துத் தீர்ப்பதற்காக அருகிலிருக்கும் மதுக்கூடத்துக்குள் நுழைகிறாள். அங்கே, கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறாள். 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘மான்ஸ்டர்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் தமிழ் என்னை ஒரு முடிவெடுக்கச் சொன்னது. ஏழு ஆண்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்டு, மரண தண்டனைக்கு உள்ளான ஒரு பெண்ணை ‘அவள்’ என்று எழுதுவதா, ‘அவர்’ என்று எழுதுவதா? நம் நாளிதழ்கள் குற்றம் சாட்டப்பட்ட மறுநாளே மரியாதை விகுதியை எடுத்துவிடுகின்றன. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. இந்தப் படத்துக்கு ஆதாரமான, உண்மையில் வாழ்ந்து இறந்த அமெரிக்கப் பெண் ஐலீன் வோர்னோஸை ‘அவர்’ என்றும், திரையில் வரும் லீயை ‘அவள்’ என்றும் எழுதுகிறேன். இருவரும் ஒருவரல்லர் என்பதை நானே மறந்துவிடாமல் இருப்பதற்கும் இது உதவும். இந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நான் இதை முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், யாரோ கொண்டுவந்த ஒரு டிவிடியில். அன்று எங்கள் பேச்சு முழுவதும் ஒப்பனையைப் பற்றியதாகவே இருந்தது. சார்லீஸ் தெரோன் என்ற பேரழகி, ஏறத்தாழ பதினான்கு கிலோ எடை கூட்டி, செயற்கைப் பற்கள் பொருத்தி, புருவத்தை இழந்து, தோலில் வெயில் தின்ற தழும்புகளை அடுக்கடுக்காக வரைந்துகொண்டு, அடையாளம் தெரியாமல் மாறியிருந்தார். ‘இவ்வளவு அசிங்கமாக எப்படி மாறினார்’ என்று வியந்துகொண்டே பார்த்தோம். அந்த வியப்பை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் அசிங்கம் என்று சொன்னது ஒரு மனுஷியின் சொந்த முகம். பதினைந்து வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, மிச்சிகன் குளிரில் மரங்களுக்கிடையே படுத்துறங்கி, பிறகு ஃபுளோரிடா வெயிலில் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் நின்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து இரண்டாவது முறை பார்த்தபோது ஒப்பனை என் கண்ணில் படவே இல்லை. அவள் நடக்கும் விதத்தைப் பார்த்தேன். தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, மோவாயை உயர்த்தி, யாரோ அடிக்க வருவதற்குமுன் தானே அடித்துவிடத் தயாராக இருப்பவளைப் போல அவள் நடக்கிறாள். பெட்ரோல் நிலையத்தின் கழிவறையில் கைகால் கழுவி, கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளும்போது, தான் அழகாகத்தான் இருக்கிறோம் என்று தன்னையே நம்பவைக்கும் முயற்சி அவள் முகத்தில் தெரிகிறது. பொய் சொல்லும்போது அவள் குரல் சற்றுக் கூடுதலாக உற்சாகமடைகிறது. அழவேண்டிய இடத்தில் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு நின்ற பிறகும் உதடுகள் மூட மறுக்கின்றன. திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதைத் திரைப்பட வரலாற்றின் மிகப் பெரிய நடிப்புகளில் ஒன்று என்று எழுதினார். அந்த ஆண்டின் சிறந்த படம் என்றும் இதையே சொன்னார். 2004 பிப்ரவரி 29 அன்று தெரோனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. 1956 பிப்ரவரி 29 அன்று பிறந்த ஐலீன் வோர்னோஸ் உயிரோடு இருந்திருந்தால் அன்று நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும்.

வோர்னோஸின் இளமைக்காலத்தைப் படம் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. அதை இங்கே சொல்லாமல் மேலே போக என்னால் முடியவில்லை. மிச்சிகனின் ராச்செஸ்டர் நகரில் பிறந்தவர். அவர் தந்தை சிறைக்குப் போய் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். மகளை அவர் பார்த்ததே இல்லை. தாய் குழந்தைகளைத் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். தாத்தாவும் பாட்டியும் டிராய் நகரில் அவரை வளர்த்தார்கள். பதினான்கு வயதில் கருவுற்றார். 1971இல் பிறந்த அந்தக் குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாட்டி இறந்தார். கொஞ்சகாலத்தில் வீடும் இல்லாமல் போயிற்று. அதன்பின் அவருடைய பிழைப்பு சாலையில். எழுபதுகளின் நடுவில் ஃபுளோரிடா வந்து சேர்ந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆயுதக் கொள்ளை வழக்கில் சிறையில் இருந்தார். 1986இல் டேடோனாவின் மதுக்கூடம் ஒன்றில், ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்த ஒரு பெண்ணைச் சந்தித்து அவரோடு வாழத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படம் அவருக்குச் செல்பி என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறது, அது போதும்.

1989 நவம்பர் இறுதிக்கும் 1990 நவம்பருக்கும் இடையே, மத்திய ஃபுளோரிடாவின் நெடுஞ்சாலைகளை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக நடுத்தர வயதை எட்டிய அல்லது தாண்டிய ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஊடகங்கள் வோர்னோஸை அமெரிக்காவின் முதல் பெண் தொடர் கொலையாளி என்று அழைத்தன. அது தவறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இண்டியானாவில் பெல் கன்னெஸ் என்ற பெண் பலரைக் கொன்று தன் பண்ணையில் புதைத்திருக்கிறார். நஞ்சு வைத்துக் கொன்ற பெண்களின் வரிசை அதைவிட நீளமானது. வோர்னோஸை வேறுபடுத்தியது ஒன்றுதான். அவர் கொன்றவர்கள் அவருடைய கணவரோ உறவினரோ அல்லர், முன்பின் தெரியாதவர்கள். கொன்றது வீட்டுக்குள் நஞ்சு வைத்து அல்ல, சாலையில் துப்பாக்கியால். அது ஆண்கள் செய்யும் கொலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸுக்கு இது முதல் முழுநீளப் படம். கதையும் அவருடையதே. குற்றத்தைப் பற்றிய படங்களில் வழக்கமாக வரும் காவல்துறை விசாரணை இதில் ஏறத்தாழ இல்லை. துப்பறிபவர் இல்லை, வரைபடத்தில் குத்தப்படும் ஊசிகள் இல்லை. படத்தின் நடுப்பகுதியில் அவர் நமக்குக் காட்டுவது ஒரு பெண் வேலை தேடி அலைவதை.

முதல் கொலைக்குப் பிறகு லீ இனிச் சாலையில் நிற்பதில்லை என்று செல்பிக்கு வாக்குக் கொடுக்கிறாள். நல்ல துணி உடுத்திக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். படிப்பு இல்லை, அனுபவம் இல்லை, எடுத்துக் காட்ட ஒரு சான்றிதழும் இல்லை. ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில், எல்லோரும் படித்துப் பட்டம் வாங்கி வரும் இடத்துக்கு எதுவுமே இல்லாமல் வந்து நிற்கும் துணிச்சல் உனக்கு எங்கிருந்து வந்தது என்ற பொருளில் அந்த மனிதர் பேசுகிறார். அவள் கெட்ட வார்த்தையில் கத்திவிட்டு வெளியேறுகிறாள். முதல்முறை பார்த்தபோது விடுதியில் நாங்கள் அந்தக் காட்சிக்குச் சிரித்தோம்.

பிறகு நான் வேலைக்குப் போனேன். சில ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில், ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவில் இருந்தேன். ஒருநாள், நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒரு பெண்மணி தன் விண்ணப்பத்தில் பத்து ஆண்டுகளை வெறுமையாக விட்டிருந்தார். அந்த ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் என்று அப்போது நினைத்தேன். ‘அந்தப் பேப்பரைக் குடுத்துருங்க மேடம், ஒரே ஒரு காப்பிதான் வச்சிருக்கேன்’ என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். லீ அந்த வழக்கறிஞரின் அறையிலிருந்து வெளியேறும் காட்சியை இரண்டாம் முறை பார்த்தபோது படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத்தான் அன்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வறுமையால்தான் கொலை செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. படமும் அப்படிச் சொல்லவில்லை. வேலை கிடைக்காத எத்தனையோ பேர் யாரையும் கொல்வதில்லை. ஆனால் அவள் திரும்பிப் போக நினைத்த கதவு எது, அது எப்படி மூடப்பட்டது என்பதைக் காட்டாமல் அவள் மறுபடியும் சாலைக்கு வருவதைக் காட்டியிருந்தால், அது பாதி உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

முதல் கொலையைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. படத்தில் அந்த மனிதன் லீயைக் கட்டிவைத்து வதைக்கிறான், வன்புணர்கிறான். அவள் எப்படியோ கட்டை அவிழ்த்துக்கொண்டு தன் உயிரைக் காத்துக்கொள்ளச் சுடுகிறாள். 1992 ஜனவரியில் டிலேண்ட் நகரில் நடந்த விசாரணையில் வோர்னோஸ் சொன்னதும் இதுதான். நடுவர் குழு அதை நம்பவில்லை. ஃபுளோரிடாவில் ‘வில்லியம்ஸ் விதி’ என்ற ஒன்று உண்டு. ஒரு வழக்கை விசாரிக்கும்போது, அதே முறையில் நடந்த பிற குற்றங்களின் சான்றுகளையும் நடுவர்கள் முன் வைக்க அது இடம் கொடுக்கிறது. எனவே ஒரே ஒரு கொலைக்கான விசாரணையில் மற்றக் கொலைகளும் வந்து நின்றன. ஏழு பேரும் தன்னைத் தாக்கினார்கள் என்பதை யார் நம்புவார்கள்? இரண்டு மணி நேரத்துக்குள் நடுவர்கள் குற்றவாளி என்று முடிவு செய்தார்கள்.

அந்த முதல் மனிதர், பல ஆண்டுகளுக்குமுன் வேறொரு மாநிலத்தில், ஒரு பெண்ணை வன்புணர முயன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, நீண்டகாலம் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர் என்ற செய்தி 1992 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மூலம் வெளியே வந்தது. அதற்குள் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்தியை நடுவர்கள் அறிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதை அறிந்துகொள்ளும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது.

வோர்னோஸே பின்னாளில் தன் சொல்லை மாற்றினார். எல்லாமே கொள்ளையடிக்கச் செய்த கொலைகள், தற்காப்பு அல்ல என்று அறிவித்து, மேல்முறையீடுகளைக் கைவிட்டு, தண்டனையை விரைவுபடுத்தக் கேட்டார். நிக் புரூம்ஃபீல்ட் எடுத்த ஆவணப்படத்தில் ஓரிடம் வருகிறது: கேமரா ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், அது தற்காப்புதான், ஆனால் இனிமேலும் சிறையில் இருக்க முடியாது, செத்துப்போக வேண்டும் என்ற பொருளில் அவர் பேசுகிறார். எந்தச் சொல்லை நம்புவது? ஜென்கின்ஸ் முதல் சாட்சியத்தை நம்பிப் படமெடுத்திருக்கிறார். திரையில் கண்ணால் பார்த்த ஒன்றை மறுக்கும் வலிமை பார்வையாளருக்கு இல்லை என்பதால், நீதிமன்றத்தில் கேள்வியாக நின்ற ஒன்று இங்கே தீர்ப்பாகிவிடுகிறது. இது இந்தப் படத்தின்மேல் எனக்கிருக்கும் முதல் மனத்தாங்கல்.

இரண்டாவது மனத்தாங்கல் செல்பி. கிறிஸ்டினா ரிச்சி அருமையான நடிகை. அந்தப் பெரிய கண்களுக்குள் குழந்தைத்தனத்தையும் சுயநலத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறார். ஆயினும் உண்மையில் அந்தப் பெண் தானும் உழைத்துச் சம்பாதித்தவர், உருவத்திலும் இவரைப்போல இல்லாதவர். படம் அவரைச் சிறியவராக, எதற்கும் பிறரைச் சார்ந்திருப்பவராக மாற்றியதன்மூலம், லீயைச் சம்பாதித்துப் போடும் கணவனின் இடத்துக்குத் தள்ளுகிறது. காதலுக்காகக் கொன்றாள் என்ற எளிய கதைக்கு இது வசதியாக இருக்கிறது. வாழ்க்கை அவ்வளவு வசதியாக இருந்திருக்காது.

ஆனால் அந்தத் தொலைபேசிக் காட்சிக்கு முன்னால் என் குறைகள் எல்லாம் நிற்கவில்லை. 1991 ஜனவரி 9 அன்று, போர்ட் ஆரஞ்ச் நகரில் ‘லாஸ்ட் ரிசார்ட்’ என்ற மதுக்கூடத்தில் வோர்னோஸ் கைது செய்யப்பட்டார். (அதே மதுக்கூடத்தில் படப்பிடிப்பும் நடந்திருக்கிறது.) காவல்துறை அவருடைய காதலியைத் தேடிக் கண்டுபிடித்து, சிறையிலிருந்த வோர்னோஸோடு தொலைபேசியில் பேசவைத்து, ஒப்புதலை வாங்க முயன்றது. படத்தில் செல்பி அழுகிறாள், என்னையும் பிடித்துவிடுவார்கள் என்கிறாள். லீ முதலில் அவளைத் தேற்றுகிறாள். பிறகு, பேச்சு ஒட்டுக்கேட்கப்படுகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகும், கண்களைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்கிறாள். தெரோனின் முகத்தில் ஒரே நேரத்தில் துரோகத்தை அறிந்ததும் அதை மன்னித்ததும் தெரிகின்றன. உண்மையிலும் வோர்னோஸ் 1991 ஜனவரி 16 அன்று, தன் காதலிக்கு இதில் பங்கில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார்.

அவர் கைதான உடனேயே அவருடைய கதைக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். வழக்கை விசாரித்த காவல்துறையினர் சிலரே திரைப்பட உரிமை பற்றிய பேச்சில் சம்பந்தப்பட்டதாகப் பெரிய சர்ச்சை எழுந்தது. தன்னைச் சுற்றியிருந்த எல்லோரும் தன்னை விற்றார்கள் என்று வோர்னோஸ் கடைசிவரை நம்பினார். அப்படியானால் ஜென்கின்ஸும் தெரோனும் மட்டும் யார் என்ற கேள்வி எனக்குள் இருந்தது. ஜென்கின்ஸ் சிறையிலிருந்த வோர்னோஸுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 2002 அக்டோபர் 9 அன்று நச்சு ஊசி மூலம் தண்டனை நிறைவேற்றப்படுவதற்குச் சற்றுமுன், தன் பால்யத் தோழிக்கு ஆண்டுக்கணக்கில் எழுதிய கடிதங்களை இவர்கள் படிப்பதற்கு வோர்னோஸ் அனுமதி தந்தார். சிறுவயதில் சினிமாவில் நடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகப் படத்தின் முதல் வரியிலேயே லீ சொல்கிறாள். அந்தக் கடிதங்களைக் கொடுத்த கை எதை நினைத்துக் கொடுத்திருக்கும் என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

படத்தின் தலைப்பை நம்மவர்கள் ‘அரக்கி’ என்று புரிந்துகொள்கிறார்கள். படத்துக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. லீயின் சிறுவயதில் ஊருக்கு வந்த பெரிய ராட்டினத்துக்கு அந்தப் பெயர். அவளுக்கு அதில் ஏற அவ்வளவு ஆசை. ஏறியபோது பயத்தில் வாந்தி எடுத்துவிடுகிறாள். நாம் திருவிழாத் திடல்களில் அதை ராட்சத ராட்டினம் என்றுதான் சொல்கிறோம். யாரும் அந்தச் சொல்லைக் கேட்டு ராட்சசனை நினைப்பதில்லை, உச்சியில் போய் நிற்கும்போது வயிற்றில் எழும் அந்தக் கூச்சத்தைத்தான் நினைக்கிறோம். ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாது.

ஏறியவள் எப்படிச் சுழல்கிறாள் என்பதை ஜென்கின்ஸ் கொலைக்குக் கொலை வேறுபடுத்திக் காட்டுகிறார். முதலில் தற்காப்பு. அடுத்து, இவனும் அவனைப் போன்றவன்தான் என்று தன்னையே தூண்டிவிட்டுக்கொள்ளும் வெறி. பிறகு, திக்கித் திக்கிப் பேசும், பெண்ணையே தொட்டறியாத ஒருவன். அவனைக் கொல்ல அவளால் முடியவில்லை, விட்டுவிடுகிறாள். கடைசியாக வருகிறவர் அவளிடம் எதுவும் கேட்காதவர். சாலையோரம் நின்ற பெண்ணுக்கு உதவி செய்யலாம் என்று வண்டியை நிறுத்தியவர். வீட்டுக்கு வா, என் மனைவியும் நானும் உனக்கு ஏதாவது வழி செய்கிறோம் என்கிறார். ஸ்காட் வில்சன் அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார். வரும் நிமிடங்கள் மிகக் குறைவு. துப்பாக்கி அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. இனி அவரைப் போகவிட முடியாது.

விடுதியில் பார்த்தபோது லீக்காக மட்டும் இந்தக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது. இப்போது அந்த முதியவரின் முகத்திலிருந்து என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை. உண்மையில் கொல்லப்பட்ட ஏழு பேருக்கும் வீடுகள் இருந்தன. அவர்களைத் தேடியவர்கள் இருந்தார்கள். சாலையில் நின்ற பெண்ணுக்கு வண்டியை நிறுத்தினார்கள் என்ற ஒரே காரணத்தால் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான ஆண்களாக உலகத்தின் நினைவில் தங்கிவிட்டார்கள். படம் அவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு முதியவருக்கு மட்டும் முழுமையாக ஒரு முகத்தைக் கொடுத்திருக்கிறது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார், மனைவியைப் பற்றிச் சொல்கிறார். லீ அழுதுகொண்டே நிற்கிறாள். துப்பாக்கியைக் கீழே போடுவாள் என்று இந்த முறையும் எதிர்பார்த்தேன். அவள் அழுகையை நிறுத்தவில்லை, சுடுகிறாள்.